எண்ணெய்ப் போரை மேசையில் நடத்துவது எப்படி: உயர்தர வரலாற்று வகுப்புக்கு

இரண்டாம் உலகப் போரில் எதிரியின் எண்ணெயைக் குறிவைத்து நடந்த குண்டுவீச்சைப் படிப்பிக்கும்போது, இத்தனை விமானம், இத்தனை தொன் குண்டு என்ற கணக்கோடு பாடம் முடிந்துபோகிறது. பிள்ளைகளும் அதை அப்படியே ஒப்புவித்துவிட்டுப் போகிறார்கள். அடிபட்ட ஆலை எத்தனை நாளில் மறுபடி ஓடத் தொடங்கியது, அதற்குள் அடுத்த அடி விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் போரை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கேள்விதான் வேண்டும். தளபதிகள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டதும் இதில்தான்.

கீழே உள்ள முறை மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் 30 பிள்ளைகள் உள்ள வகுப்புக்குப் பொருந்தும். இரண்டு நாள், நாளுக்கு ஓர் இரட்டைப் பாடவேளை, அதாவது 80 நிமிடம் வேண்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் ஆட்டம் மட்டும் நடக்கும், பாடம் நடக்காது.

தேடி வைக்க வேண்டியவை

வகுப்பை ஐந்து மேசைகளாகப் பிரியுங்கள். மேசைக்கு ஆறு பேர்: மூவர் குண்டு போடும் அணி, மூவர் திருத்தும் அணி. ஒவ்வொரு மேசைக்கும் புளியங்கொட்டை 60, சோடா மூடி 12, தாயக்கட்டை ஒன்று (ஆறு முகம் உள்ளது), சிறிய பிளாஸ்டிக் கோப்பை ஒன்று, பாதிப் பிரிஸ்டல் போட் ஒன்று, தீப்பெட்டி அளவில் வெட்டிய கடதாசித் துண்டு 24. பிள்ளைக்கு ஒன்று வீதம் ஏ4 வரைபுத் தாள். புளியங்கொட்டைக்குப் பதில் கச்சான் வைக்க வேண்டாம். நான்காம் வாரம் வருமுன் எரிபொருள் எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

60 கொட்டை என்பது கண்மதிப்பு அல்ல. ஒரு குண்டுகூடச் சரியாக விழாமல் 12 வாரமும் ஓடினால் ஒரு கட்டத்தில் கோப்பையில் 58 கொட்டை நிற்கும். அதைவிடக் குறைவாக வைத்தால் எண்ணிக்கொண்டிருக்கும்போதே தட்டுப்படும்.

பிரிஸ்டல் போட்டில் மூன்று பெட்டிகள் கீறி அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். இவை மூன்று எண்ணெய் ஆலைகள். பெட்டிக்கு நான்கு சோடா மூடி. மூடி நிமிர்ந்திருந்தால் அந்தப் பகுதி ஓடுகிறது, கவிழ்ந்திருந்தால் பழுது. ஓடும் ஒவ்வொரு மூடியும் வாரத்துக்கு ஒரு கொட்டை எண்ணெய் தரும். கோப்பை சேமிப்புக் குதம். தொடக்கத்தில் அதில் 24 கொட்டை போட்டுவையுங்கள்.

முதல் 15 நிமிடம்: நம்முடைய எண்ணெய் எப்படி வருகிறது

ஜேர்மனிக்குப் போகுமுன் மட்டக்களப்பில் நில்லுங்கள். கரும்பலகையில் ஒரு சங்கிலி வரையுங்கள்: கப்பல், கொலன்னாவை எண்ணெய்க் குதம், ரயில் தாங்கி, மட்டக்களப்புக் குதம், பவுசர், பெற்றோல் செட், வண்டி. ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள்: இது ஒரு கிழமை நின்றால் பதிலுக்கு என்ன இருக்கிறது? 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எண்ணெய் கொண்டுவந்த ரயில் மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தாங்கிகள் தடம்புரண்டதைச் சொன்னால் ரயில் கண்ணி அவர்களுக்கு உடனே புரியும். அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. அங்குள்ள வகுப்பில் அந்த இடத்தில் நேரே பவுசர் வரும். சங்கிலி குட்டையாகும், பதில் வழியும் குறையும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை இந்தப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. கியூஆர் அட்டை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. குண்டு எதுவும் விழவில்லை, குதம் எதுவும் எரியவில்லை. சங்கிலியின் முதல் கண்ணியில் கப்பல் வரவில்லை, அவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் விட்டுவையுங்கள். இரண்டாம் நாள் ஜப்பானைப் பற்றிப் பேசும்போது இதே கண்ணிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

நம் உள்நாட்டுப் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் படுவான்கரைப் பக்கம் எண்ணெய்க்குப் பட்ட பாட்டை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம். எழுதி வரட்டும், ஆனால் அதை ஆட்டமாக்க வேண்டாம். ஒரே வகுப்பில் எல்லாப் பக்கத்திலும் ஆட்களை இழந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பகடை உருட்டுவதற்கு 80 வருடம் பழைய, தூர தேசத்துப் போர்தான் நல்லது.

ஆட்ட விதி

ஒரு சுற்று ஒரு வாரம். 12 சுற்று ஓர் ஆட்டம். ஒவ்வொரு வாரமும் நான்கு வேலை, இதே ஒழுங்கில்:

1. தாக்குதல். குண்டு போடும் அணி எந்த ஆலை என்பதைத் துண்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பகடை உருட்டும். 1 அல்லது 2 விழுந்தால் முகில் அல்லது புகைத்திரை, சேதம் இல்லை. 3 அல்லது 4 என்றால் அந்த ஆலையில் இரண்டு மூடி கவிழும். 5 அல்லது 6 என்றால் அந்த ஆலையின் எல்லா மூடியும் கவிழும்.
2. உற்பத்தி. நிமிர்ந்திருக்கும் மூடிகளை எண்ணி அத்தனை கொட்டையைக் கோப்பையில் போடுங்கள்.
3. செலவு. படைக்கும் விமானத்துக்கும் 10 கொட்டை வெளியே எடுங்கள். 10 இல்லாவிட்டால் எத்தனை குறைகிறது என்று எழுதுங்கள்.
4. திருத்தம். திருத்தும் அணி விரும்பிய மூன்று மூடிகளை நிமிர்த்தும்.

இந்த ஒழுங்கு மாறினால் எல்லாம் கெட்டுவிடும். பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற பிழை, தாக்குதல் முடிந்த கையோடு மூன்று மூடியை நிமிர்த்திவிட்டுப் பிறகு உற்பத்தியை எண்ணுவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு வாரமும் மூன்று கொட்டை சும்மா கிடைக்கும், தட்டுப்பாடு வரவே வராது. மேசைக்கு ஒருவரை ஒழுங்கு பார்க்க மட்டும் வைத்துவிடுங்கள்.

சுறுசுறுப்பான வகுப்பென்றால் இரண்டு அணிக்கும் நடுவே ஒரு கொப்பியை நிறுத்தி, குண்டு போடுகிறவர்களுக்கு மூடிகள் தெரியாமல் மறைக்கலாம். பகடையில் 3க்கு மேல் விழுந்தால் மட்டும் ஏதாவது ஓர் ஆலையின் நிலையைக் கேட்கலாம். இது உளவுப் படம். உடனே அவர்கள் ஏற்கனவே படுத்துக்கிடக்கும் ஆலையிலேயே திரும்பத் திரும்பக் குண்டு போடத் தொடங்குவார்கள். உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. முகில் கலையும்வரை படம் எடுக்க முடியாது. படம் வருமுன் அடுத்த தாக்குதலுக்கு உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் ஆட்டம்: ஒரே அடி

முதல் வாரத்தில் ஆறு தாக்குதல், ஆலைக்கு இரண்டு. அதற்குப் பிறகு 12ஆம் வாரம்வரை ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் முடியும்.

மூன்று ஆலையும் முற்றாகப் படுத்துவிட்டால் வகுப்பே ஆரவாரிக்கும். பிறகு கோப்பையைப் பாருங்கள். ஆக மோசமான பகடை விழுந்தாலும் சேமிப்பு 14, 7, 3, 2 என்று இறங்கி, ஐந்தாம் வாரம் 4ஆக ஏறும். எப்படி உருட்டினாலும் வெறுமையாகாது. இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். “எரிஞ்சு முடிஞ்சிருமே சேர்?” என்று யாராவது கேட்டால் “எண்ணிப் பாருங்க மகன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும், ஜேர்மனிக்கு எண்ணெய் கொடுத்த ருமேனியாவின் சுத்திகரிப்பு நகரம் பிளொயெஷ்டியைச் சொல்லுங்கள். 1943 ஓகஸ்ட் 1. லிபியாவின் பெங்காசியிலிருந்து 177 அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்கள், போய்வர 2,000 மைலுக்கு மேல். மர உயரத்தில் பறந்து அடிப்பதுதான் திட்டம். திட்டத்தை வரைந்தவர் கேணல் ஜேக்கப் ஸ்மார்ட். மேலே இருந்தவர் ஒன்பதாவது விமானப் படையின் லூயிஸ் பிரெரெட்டன். வழியில் முன்னணிக் குழு தார்கோவிஷ்ட் என்ற ஊரில் தவறாகத் திரும்பிப் புக்காரெஸ்ட் பக்கம் போய்விட்டது. ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமிருந்தும் விழ வேண்டிய அடி சிதறியது. கீழே ஜேர்மன் ஜெனரல் அல்பிரட் கேர்ஸ்டன்பேர்க் மாதக்கணக்காக அடுக்கி வைத்த விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் காத்திருந்தன. 54 விமானங்கள் இழக்கப்பட்டன, 310 பேர் இறந்தார்கள். வீரத்துக்கான அமெரிக்காவின் உச்சப் பதக்கம் ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரே விமானத் தாக்குதலுக்கு அது மிக அதிகம்.

சுத்திகரிப்புக் கொள்ளளவில் சுமார் 40 வீதம் அன்று போனது. ஆனால் பிளொயெஷ்டியில் அதற்கு முன்பே ஓடாமல் சும்மா கிடந்த ஆலைகள் இருந்தன. அவற்றை ஓடவிட்டு, உடைந்ததைத் திருத்தி, சில கிழமையில் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது அடி 1944 ஏப்ரல்வரை வரவில்லை. பிள்ளைகள் எழுத வேண்டிய வசனம் இது: உபரிக் கொள்ளளவு உள்ள இடத்தில் விழுந்த முதல் அடி உபரியைத்தான் தின்னும்.

இரண்டாம் ஆட்டம்: விடாத அடி

வாரத்துக்கு இரண்டு தாக்குதல், 12 வாரமும். பகடை நடுத்தரமாக விழுந்தால் 6ஆம் வாரத்துக்கும் 8ஆம் வாரத்துக்கும் இடையில் கோப்பை வெறுமையாகும். இங்கே கவனிக்க வேண்டியது: முதல் வாரத்தில் விழும் சேதம் முதல் ஆட்டத்தைவிடக் குறைவு. முதல் இரண்டு வாரமும் “ஒன்றும் நடக்கவில்லை” என்று குண்டு அணி முறையிடும். சேமிப்பு கரைவது நான்காம் வாரத்துக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

1944இல் நடந்தது இதுதான். ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க மூலோபாய விமானப் படைகளின் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ், மார்ச் மாதத்தில் எண்ணெய்த் திட்டத்தை முன்வைத்தார். மே 12ஆம் திகதி ஜேம்ஸ் டூலிட்டிலின் எட்டாவது விமானப் படை 935 குண்டுவீச்சு விமானங்களை அனுப்பி லொய்னா, பேலன், ட்சைட்ஸ், லூட்ஸ்கென்டோர்ப், புரூக்ஸ் ஆகிய இடங்களில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளைத் தாக்கியது. ஜேர்மனிக்குச் சொந்த எண்ணெய்க் கிணறு போதாது. விமானப் பெற்றோலில் பெரும்பகுதி இந்த ஆலைகளிலிருந்துதான் வந்தது.

போர் முடிந்ததும் அமெரிக்கக் குண்டுவீச்சு மதிப்பாய்வுக் குழு ஜேர்மன் பதிவேடுகளைப் பார்த்து எடுத்த கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். செயற்கை எண்ணெய் ஆலைகளின் மொத்த உற்பத்தி: தாக்குதல் தொடங்கியபோது மாதத்துக்கு 316,000 தொன், ஜூனில் 107,000, செப்டெம்பரில் 17,000. அதே ஆலைகளின் விமானப் பெற்றோல்: ஏப்ரலில் 175,000 தொன், ஜூலையில் 30,000, செப்டெம்பரில் 5,000. இரண்டு வரிசையையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். முதலாவது எல்லா வகை எண்ணெயும், இரண்டாவது அதற்குள் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டி எழுதும் விடைத்தாள்கள் வரத்தான் செய்யும்.

மூன்றாம் ஆட்டம்: இடையில் வேறு வேலை

இரண்டாம் நாள் இதிலிருந்து தொடங்குங்கள். விதி இரண்டாம் ஆட்டம்போலவே. ஆனால் 4, 5, 6ஆம் வாரங்களில் தாக்குதல் இல்லை. விமானங்கள் ரயில் பாலங்களுக்குப் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரப் பகடைக்குக் கோப்பை 11ஆம் வாரமளவில்தான் வெறுமையாகும். மூன்று வார இடைவெளிக்கு விலை நான்கு வாரம்.

இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் 1944 மார்ச் 25ஆம் திகதிக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

தளபதிகளின் அட்டைகள்

ஆளுக்கோர் அட்டை செய்யுங்கள். பிறந்த திகதி, பதக்கம் எல்லாம் வேண்டாம். மூன்று வரி போதும்: என்ன கேட்டார், யார் மறுத்தார், கோப்பை என்ன சொன்னது.

ஸ்பாட்ஸும் டெடரும். பிரான்சில் படையிறங்க இரண்டு மாதம் இருக்கும்போது, குண்டுவீச்சு விமானங்களை எதற்கு விடுவது? ஐசன்ஹோவரின் துணைத் தளபதியான பிரித்தானியாவின் ஆர்தர் டெடர், விஞ்ஞானி சொலி சுக்கர்மனின் கணக்கை வைத்துக்கொண்டு, ரயில் நிலையங்களை என்றார். ஸ்பாட்ஸ் எண்ணெயை என்றார். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் மார்ச் 25இல் டெடரின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகள் இதைப் பிழையான முடிவு என்று எழுதத் துடிப்பார்கள். இரண்டாம் ஆட்டத்தை நினைவுபடுத்துங்கள்: எண்ணெய் அடி பலிக்க வாரக்கணக்கு எடுக்கும். ஐசன்ஹோவருக்குக் கரையிறங்கும் நாளில் பலன் வேண்டும். எண்ணெய்த் திட்டத்தின் பலன் அதற்குள் வருமென்று ஸ்பாட்ஸால்கூட வாக்குக் கொடுக்க முடியவில்லை. இருந்தாலும் அவருக்கு இன்னொரு நல்ல வாதம் இருந்தது. ரயிலைக் காக்க ஜேர்மன் சண்டை விமானங்கள் மேலே வராமல் இருக்கலாம். எண்ணெயைக் காக்க வந்தே தீர வேண்டும், வந்தால் வீழ்த்தலாம். எண்ணெயையும் அடிக்க அவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப்பட்டது. மே 12 தாக்குதல் அந்த விட்டுக்கொடுப்பில்தான் நடந்தது. ஏப்ரல் 5இல் பிளொயெஷ்டி மேல் மீண்டும் தொடங்கிய தாக்குதலும் எழுத்தில் ரயில் நிலையத் தாக்குதல்தான். குண்டு பக்கத்திலிருந்த சுத்திகரிப்பு ஆலைகளிலும் விழுந்தது. அது தற்செயல் என்று யாரும் நம்பவில்லை.

ஹாரிஸும் போர்ட்டலும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையின் ஆர்தர் ஹாரிஸுக்கு எண்ணெய் போன்ற தனி இலக்குகள்மேல் நம்பிக்கையே கிடையாது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து விற்கிறவர்கள் என்று அந்த யோசனைக்காரர்களை எள்ளினார். அவருக்கும் காரணம் இருந்தது. 1941இல் இதே படைக்கு எண்ணெய் ஆலைகள் இலக்காகக் கொடுக்கப்பட்டன. அந்த ஓகஸ்டில் வந்த பட் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றே ஐந்து மைல் தூரத்துக்குள் போயிருந்தது என்று காட்டியது. ஐந்து மைல் பிசகினால் நகரத்தில் விழலாம், ஆலையில் விழாது. ஆனால் 1944 இறுதியில் நிலைமை வேறு: வழிகாட்டும் கருவிகள் வந்துவிட்டன. செப்டெம்பர் 25 உத்தரவு எண்ணெயை முதலிடத்தில் வைத்தது. ஹாரிஸ் அதற்குப் பிறகும் நகரங்களிலேயே நாட்டமாக இருந்தார். அவருக்கு மேலே இருந்த சார்ல்ஸ் போர்ட்டல் நவம்பரிலிருந்து ஜனவரிவரை கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி வாதாடினார். கடைசியில் ஹாரிஸ் பதவி விலகத் தயார் என்றார். போர்ட்டல் அதை ஏற்கவில்லை. மேலதிகாரி கடிதத்தில் கெஞ்ச, கீழுள்ளவர் அசையாமல் இருந்த இந்த மூன்று மாதத்தை அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லலாம். பிரித்தானிய விமானங்கள் கொண்டுபோன 4,000 இறாத்தல் குண்டு, அமெரிக்கர்களின் சிறிய குண்டுகளைவிட ஆலைகளில் கூடுதலாக வேலை செய்தது என்பதால் இந்த இழுபறி இன்னும் வருத்தத்துக்குரியது.

மறுபக்கம்: ஜேர்மனியின் ஆயுத உற்பத்தி அமைச்சர் அல்பேர்ட் ஸ்பியரும் எட்மண்ட் கைலன்பேர்க்கும். 1944 மே 30இல் திருத்த வேலைக்கென்றே கைலன்பேர்க் நியமிக்கப்பட்டார். 350,000 வேலையாட்கள்வரை அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஆட்டத்தில் வாரத்துக்கு மூன்று மூடி நிமிர்கிறதே, அது இவர் வேலை. அந்த வேலையாட்களில் பலர் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர், வதைமுகாம் கைதிகள். மூடியை நிமிர்த்தும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் அரைகுறை.

லொய்னா வரைபு

இதற்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். முழு முறையிலும் பயன் கூடிய பகுதி இதுதான்.

வரைபுத் தாளைப் படுக்கையாக வையுங்கள். கிடை அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 10 நாள், மே 12 சுழியம், டிசம்பர் 31 வர 23.3 சென்ரிமீற்றர் ஆகும். நிலை அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 10 வீதம் கொள்ளளவு. குறிக்க வேண்டியவை:

மே 12 (0): தாக்குதல், ஆலை நிறுத்தம். மே 28 (1.6): மறு தாக்குதல். ஜூன் 3 (2.2): பகுதி உற்பத்தி தொடக்கம். ஜூலை முதல் நாட்களில் 75 வீதம். ஜூலை 7 (5.6): அடி, சுழியம், இரண்டு நாளில் மறுபடி தொடக்கம். ஜூலை 19 (6.8): 53 வீதம். ஜூலை 20 (6.9): அடி, சுழியம், மூன்று நாள் நிறுத்தம். ஜூலை 27 (7.6): 35 வீதம். ஜூலை 28, 29: அடி, சுழியம். ஓகஸ்ட் 24 (10.4), செப்டெம்பர் 11 (12.2), 13 (12.4), 28 (13.9), ஒக்டோபர் 7 (14.8): அடிகள், ஆலை மூடியபடி. ஒக்டோபர் 14 (15.5): தொடக்கம். நவம்பர் 2 (17.4): சிறு தாக்குதல், தடை. நவம்பர் 20 (19.2): 28 வீதம்.

புள்ளிகளை வளைகோட்டால் இணைக்க விடாதீர்கள். ஏற்றம் சரிவு, இறக்கம் செங்குத்து. வாள் பல் மாதிரி வர வேண்டும். மே 12க்கும் 28க்கும் இடையில் கோடு வேண்டாம், அந்த நாட்களுக்கு இங்கே வீதம் இல்லை.

வரைந்து முடிந்ததும் உச்சிகளை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்: 75, 53, 35, 28. ஒவ்வொரு தடவையும் எழும்புகிறது, ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிடக் குறைவாக. பிறகு ஜூலை 29க்கும் ஓகஸ்ட் 24க்கும் நடுவே விரலை வையுங்கள். 26 நாள் தாக்குதலே இல்லை, ஆனாலும் ஆலை எழும்பவில்லை. ஜூலை 7க்குப் பிறகு இரண்டு நாளில் எழும்பிய அதே ஆலை. குழாய், வால்வு, மின் இணைப்பு எல்லாம் ஒட்டுமேல் ஒட்டாகத் திருத்தப்பட்டு, மாற்றுப் பாகங்கள் தீர்ந்து, அடித்தளம் அசைந்தபின் திருத்தும் வேகமே விழுந்துவிடுகிறது. நம் ஆட்டத்தில் இந்தக் களைப்பு இல்லை. திறமையான மேசைக்கு 7ஆம் வாரத்திலிருந்து திருத்தத்தை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துக் கொடுக்கலாம்.

மொத்தக் கணக்கு: 22 தாக்குதல், 20 அமெரிக்கர், 2 பிரித்தானியர். 6,552 விமானப் பறப்பு, 18,328 தொன் குண்டு. முதல் அடியிலிருந்து இறுதிவரை சராசரி உற்பத்தி கொள்ளளவில் 9 வீதம். இவ்வளவும் ஒரேயோர் ஆலைக்கு.

இதே ஆலைகளிலிருந்துதான் நைதரசன் சேர்மங்களும் வந்தன. அவை குறைந்தபோது எறிகணை வெடிமருந்தில் கல்லுப்பைக் கலக்கும் நிலைக்கு ஜேர்மனி வந்தது. எண்ணெயை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பக்க விளைவு தப்பிவிடும்.

திருகோணமலைக்கு ஒரு தாள்

கடைசி 20 நிமிடம் நம் கடலுக்கு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவில் ஓர் எண்ணெய்க் குதம் பற்றி எரிந்தது. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கியும் வம்பயர் நாசகாரிக் கப்பலும் மூழ்கின. ஹேர்மிஸை எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு இந்தக் கரையோரத்தில் மூழ்கியவற்றில் பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதெல்ஸ்டேன் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் உண்டு என்பதை அட்டையில் சேருங்கள். நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தில் இதே நகுமோவின் விமானங்கள் 45 இலட்சம் பீப்பாய் எண்ணெயைத் தொடாமல் திரும்பியிருந்தன. இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டினால் கேள்வி தானாக எழும்.

சீனக்குடாவில் எரிந்த குதத்தின்மேல் விமானி வேண்டுமென்றே மோதினார் என்ற கதையைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். விமானம் விழுந்து குதம் எரிந்தது என்பதோடு நிறுத்துங்கள். தற்கொலைத் தாக்குதல் அணிகளை ஜப்பான் அமைத்தது 1944 ஒக்டோபரில்தான்.

பிறகு திசை மாறியது. 1944 ஓகஸ்ட் 10 இரவு, சீனக்குடாவிலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள், ஜப்பான் பிடித்து வைத்திருந்த சுமாத்திராவின் பலெம்பாங் சுத்திகரிப்பு ஆலைக்குப் புறப்பட்டன. போய்வரக் கிட்டத்தட்ட 3,900 மைல். குண்டைக் குறைத்து எரிபொருளை நிரப்பிக்கொண்டுதான் போக முடிந்தது. 31 விமானங்கள் ஆலைமேல் குண்டு போட்டன, 8 விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடி விதைத்தன. ஆலையில் உறுதியாகச் சொல்லக்கூடிய சேதம் ஒரு சிறு கட்டடம். ஐந்து மாதம் கழித்து, 1945 ஜனவரி 16இல் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிகள், ரியர் அட்மிரல் பிலிப் வியனின் கீழ், 24இல் பிளாஜு ஆலையையும் 29இல் சுங்கை கெரோங்கையும் கிட்டப்போய்த் தாக்கின. 41 விமானங்கள் இழக்கப்பட்டன, அவற்றில் 16தான் சண்டையில். ஆனால் ஆலைகள் உண்மையாகவே முடங்கின. ஒரே துறைமுகம், ஒரே இலக்கு, தூரம் மட்டும் வேறு. பிள்ளைகளுக்கு ஒப்பிட்டு எழுத இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

ஜப்பானின் முடிவுக்கு வரும்போது முதல் நாள் சங்கிலியைக் காட்டுங்கள். 1945 ஜூன் 26 முதல் போர் முடியும்வரை, அமெரிக்க ஜெனரல் கேர்டிஸ் லெமேயின் படையில் எண்ணெய்க்கென்றே ஒதுக்கிய விமானப் பிரிவு குவாமிலிருந்து பறந்து ஜப்பானின் சுத்திகரிப்பு ஆலைகளைத் துல்லியமாக அடித்தது. குறி தப்பவில்லை. ஆனால் எண்ணெய்க் கப்பல்களை நீர்மூழ்கிகளும் கண்ணிவெடிகளும் ஏற்கனவே முடித்துவிட்டிருந்தன. ஆலைகளுக்குச் சுத்திகரிக்க எண்ணெய் இல்லை.

கப்பல்களைப் பார்க்க அழைத்துப் போகச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஹேர்மிஸ் 50 மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. அது தனிப் பயிற்சி பெற்ற சுழியோடிகளின் இடம், 307 பேர் அந்தக் கப்பலோடு இறந்த இடமும்கூட. பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் நின்று திசையைக் காட்டினால் போதும்.

புள்ளியிடுதல்

20 புள்ளி. லொய்னா வரைபுக்கு 8: அச்சு அளவுக்கு 2, செங்குத்து இறக்கங்களுக்கு 3, ஓகஸ்ட் இடைவெளியைப் பற்றி இரண்டு வசனத்துக்கு 3. தளபதி அட்டைக்கு 6. பலெம்பாங் ஒப்பீட்டுக்கு 6. விமான எண்ணிக்கையையும் குண்டுத் தொன்னையும் மட்டும் வரிசையாக எழுதி, ஆலை எத்தனை நாள் நின்றது என்று ஓரிடத்திலும் சொல்லாத தாளுக்குப் பாதிக்கு மேல் போட வேண்டாம். புளியங்கொட்டையை வெயிலில் ஒருமுறை காயவைத்துப் போத்தலில் அடைத்து வையுங்கள். வண்டு விழுந்தால் அடுத்த வருடம் மறுபடி 300 எண்ண வேண்டிவரும்.